நாலு கிலோ அமைதி

ஐந்து கிலோ என்றார் மருத்துவர். அதற்கு மேல் ஓர் உருளைக்கிழங்கு கூடத் தூக்கக் கூடாது. மே பன்னிரண்டாம் தேதி தோளைத் திறந்து, கிழிந்த தசைநாரைத் தைப்பதாக நாள் குறித்தாயிற்று. அதன் பிறகு ஒரு வருஷத்துக்குச் சுமையே ஆகாது. மலையேற்றத்தை ஒரேயடியாக மறந்துவிடுவது நல்லது.

"அஞ்சு கிலோன்னா பையோட சேத்தா, பை இல்லாமலா?" என்று ஓட்டீலியா கேட்டாள்.

"பையோட சேத்துத்தாம்மா. இத்தனை வருஷமா என்னத்தைத் தூக்கினீங்க?"

"என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தார். அவரைத் தூக்கினேன். இருபத்திரெண்டு வருஷமா ஒரு பெட்டியத் தூக்கினேன்."

மருத்துவர் புருஷனை மட்டும் எழுதிக்கொண்டார்.

தோள் பிடிவாதமான உறுப்பு. இடுப்பு போனால் ஆள் படுத்துவிடுவார். தோள் போனால் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடப்பார். இரண்டு தோளும் போன பிறகுதான் மருத்துவமனைக்கு வருவார். ஓட்டீலியாவுக்கு இடது தோள் இன்னும் மிச்சம் இருந்தது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஸ்வோலென் நகரில் வானொலி நிலையத்துக்காக வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்வது வேலை. பத்தொன்பது வயதில் சேர்ந்தபோது கொடுத்த வேலை, பழைய நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தத் தயார்செய்வது. பதின்மூன்று வருஷம் அழித்தாள். காட்டுக்குப் போய்ப் பதிவு செய்துவந்த ஆள் பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டபோது, ஒரு வாரத்துக்கு என்று இவளை அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் இருபத்தாறு வருஷமாக நீண்டுவிட்டது. மான் கத்துவது, ஓடை உருகுவது, கரடி குப்பைத் தொட்டியைப் புரட்டுவது, எல்லாம் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். காடு பிடிக்குமா என்று யாராவது கேட்டால், கால் நனையாத காடு இருந்தால் பிடிக்கும் என்பாள்.

அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. செவிட்டுச்சேவலின் பாட்டில் கடைசித் துண்டு.

வான்கோழி அளவுள்ள கரிய பறவை அது. ஏப்ரலில் மட்டும், விடிவதற்கு முன், பொலானா மலையின் ஊசியிலைக் காட்டில் பெட்டைகளுக்காகப் பாடும். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல். முதலில் குச்சியைக் குச்சியால் தட்டுவது போல. தட்டு வேகமெடுத்து, புட்டி மூடி திறப்பது போல ஒரு 'டொப்'. கடைசியாக மூன்று விநாடி, யாரோ தூரத்தில் அரிவாள் தீட்டுவது போல ஒரு கரகரப்பு. அந்த மூன்று விநாடியும் பறவைக்குக் காது கேட்காது. அதனால்தான் அந்தப் பெயர். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அந்த மூன்று விநாடியில் மட்டும் இரண்டு எட்டு வைத்து, அப்படியே உறைந்து நின்று, அடுத்த பாட்டில் இன்னும் இரண்டு எட்டு வைப்பார்கள். பதிவு செய்யப் போகிறவர்களும் அவர்களிடம்தான் கற்றார்கள். தும்மலோ இருமலோ, கால் மரத்துப் போனதோ, எதுவானாலும் சேவல் செவிடாகும் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிலையத்தின் சேமிப்பில் அந்தக் கரகரப்பு நாற்பது வருஷமாக இருக்கிறது. ஆனால் ஒன்றில்கூட அது சுத்தமாக இல்லை. எப்போதும் அதன் மேல் ஏதோ ஓர் உரசல். காற்றில் ஊசியிலைகள் உரசுகின்றன என்று எழுதிவைத்தார்கள். இந்த ஏப்ரல் போனால் ஓட்டீலியாவுக்கு இன்னொரு ஏப்ரல் இல்லை. பாட்டுக் காலம் முடிய இரண்டு வாரம் பாக்கி.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தாள். மைக்குகள், காற்று மறைப்பு, கம்பி, ரெக்கார்டர், தூக்கப்பை, ரொட்டி, தேநீர்க் குடுவை. எல்லாம் சேர்த்து நாலரை கிலோ. அதற்குப் பிறகு, இத்தனை வருஷம் தூக்கிய எர்வினின் பெட்டியை வைத்தாள். தராசின் முள் முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது.

மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய மின்சாரம். அதைப் பெருக்கி ரெக்கார்டருக்குக் கொடுக்கும் பெட்டிக்கு ப்ரீஆம்ப் என்று பெயர். ரெக்கார்டருக்குள்ளேயே ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சந்தைச் சத்தத்துக்கு அது போதும். அமைதியான சத்தத்தைப் பெருக்கினால் அதன் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகி, 'உஸ்' என்று எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் நல்ல ப்ரீஆம்ப் தனியாக வேண்டும். நிலையத்தின் பட்டறைக்காரர் எர்வின் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் தன் கையாலேயே ஒன்று செய்தார். இரும்புக் கூடு, ஈய மின்கலம், எடை நாலு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. இரைச்சல் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

ஆள் வைத்துத் தூக்கிப் போகலாமே என்று கேட்பார்கள். சேவல் கூடும் இடத்துக்கு ஒருவராகத்தான் போக வேண்டும். இரண்டு ஆள் என்றால் இரண்டு மடங்கு உடுப்பு, இரண்டு மடங்கு மூச்சு. ஒரு முறை கலைந்தால் அந்த வருஷம் பறவை அங்கே திரும்பாது. வனக்காவலர்களும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் எர்வினின் பட்டறைக்குப் போனாள். அவருக்கு அறுபத்து மூன்று வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டியிருப்பார்.

"அஞ்சு கிலோவா? உன் கைப்பையே அஞ்சு கிலோ தேறுமே, ஓட்டில்கா." அவளை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்.

"கைப்பையை வச்சிட்டுப் போறேன். உன் பெட்டியையும் வச்சிட்டுப் போறேன்."

"என் பெட்டி இல்லாம போறதுக்கு நீ வீட்டுலயே இருக்கலாம். சேவல் பாட்டுன்னு சொல்லி எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறதைக் கொண்டு வருவ."

"கடையில சின்னப் பெட்டி எதுவுமே நல்லதா இல்லையா?"

"நான் சோதிக்காததா? வருஷா வருஷம் வாங்கிச் சோதிச்சுத் திருப்பி அனுப்புறேன். நீயே உன் காதால கேளு, தாயே. நான் சொன்னா நம்ப மாட்ட."

பத்து நாள் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் மூன்று சின்னப் பெட்டிகள் வரவழைத்தார். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குள் இருந்தது. சோதனைக்கு அவரிடம் ஒரு பழைய மைக் உண்டு. சுத்தியல் போலக் கனமானது. அதற்குப் பெயரே கிழவன். கிழவனை அலமாரிக்குள் ரஜாய்களுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்துவார். பெட்டியின் பெருக்கத்தைக் கடைசி வரை ஏற்றுவார். ஹெட்போனில் எது கேட்கிறதோ அதுதான் பெட்டியின் லட்சணம்.

"முதல் பெட்டி. கேட்டியா? மழை."

"கேக்குது."

"ரெண்டாவது. தூறல். மூணாவது, இதோ, எண்ணெய்ச் சட்டி. இதை விக்கிறவனை ஜெயில்ல போடணும். இப்ப என்னோடது."

பனி விழுந்த வயல் போல இருந்தது. ஓட்டீலியா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். வாதாட எதுவும் இல்லை. அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அதற்கு முன் மைக்கை எடுத்து வைத்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்து, பழக்க தோஷத்தில் வலது கையைக் கொடுத்தாள். கிழவனை ஒரு சாண் கூட உயர்த்த முடியவில்லை. வலி கழுத்து வரை ஏறியது. ரஜாய் மேல் மறுபடி வைத்துவிட்டு, அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"எர்வின், நான் இந்தக் கிழவனைக் கடைசியா எப்ப மலைக்கு எடுத்துட்டுப் போனேன்?"

"பழைய கட்டடத்துல இருந்தப்போ. புது மைக் வர்றதுக்கு முன்னாடி."

"பதினாலு வருஷம்."

"இருக்கும். அதனால என்ன? கிழவன்தான் கஷ்டமான பரீட்சை. அதுல பாஸானா எதுலயும் பாஸ்."

"நான் எழுதாத பரீட்சை அது."

அவள் தன் பையிலிருந்து, தினமும் கொண்டு போகும் மைக்கை எடுத்து நீட்டினாள். கிழவன் பல் போன நோயாளி போல முணுமுணுப்பவன். அவன் சொல்வதைக் கேட்க, கேட்கிறவருக்குக் கூர்மையான காது வேண்டும். புது மைக் தானே உரக்கப் பேசும். அதோடு அதற்கே கொஞ்சம் சொந்த இரைச்சல் உண்டு. பெட்டி சேர்க்கும் இரைச்சல் அதற்குள் மூழ்கிவிட்டால், பெட்டி எவ்வளவு அமைதியாக இருந்து என்ன? புது மைக் வந்தபோது அதற்குத் தீனி போட, எர்வின் தன் பெட்டிக்குள் இன்னொரு மின்கலத்தையும் சேர்த்தார். பெட்டி கனத்தது. பெட்டியே இனி வேண்டுமா என்று அவரும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

புது மைக்கை அலமாரிக்குள் வைத்து, நாலு பெட்டியையும் ஒரே அளவுக்குச் சரிசெய்தார்கள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் கம்பியை மாற்றி மாற்றிச் சொருகினார். எது எந்தப் பெட்டி என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"உனக்குக் காது அடைச்சிருக்கு. நகரு, நான் உக்கார்றேன்."

அவர் உட்கார்ந்தார். அவள் இடது கையால் மாற்றினாள். எர்வின் கண்ணை மூடி, வெகு நேரம் கேட்டு, விரலை உயர்த்தினார். "இதுதான். இதை எங்க கேட்டாலும் எனக்குத் தெரியும். பெத்த புள்ளையைத் தெரியாதா?"

"திரும்பிப் பாரு."

எண்ணெய்ச் சட்டி.

எர்வின் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை. கெட்டிலில் தண்ணீர் வைக்கப் போனவர் வெறும் கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"பதினாலு வருஷம்," என்றார்.

"ம்."

"திட்டேன். ஏதாவது சொல்லேன்."

"எனக்கும் ரெண்டு காது இருந்துச்சு. நானும் கேட்டுப் பாக்கலையே. தண்ணிய ஊத்து."

திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. அவள் கோட்டைத் தலைக்கு மடித்து வைத்துக்கொண்டு பட்டறை பெஞ்சில் அரை மணி நேரம் படுத்தாள்.

எழுந்த பிறகு வேறு கணக்கு. இரைச்சலில் மூன்றும் ஒன்றுதான் என்றால், எதை எடுப்பது? முதல் பெட்டிக்குக் குமிழே இல்லை, கண்ணாடித் திரைதான். கையுறையோடு தொட்டால் அசையாது, வெறும் விரலால் தொட்டால் இருட்டில் விளக்குப் போல எரியும். இரண்டாவதின் குமிழ் ஒவ்வொரு திருகலுக்கும் 'டிக்' என்றது. காட்டில் அது சுள்ளி ஒடிகிற சத்தம். மூன்றாவதின் குமிழ் தடித்தது, மெதுவாக, சத்தமில்லாமல் திரும்பியது. இனிப் பார்க்க வேண்டியது குளிர். மூன்றையும் ஓடவிட்டு, உணவுக்கூடத்தின் உறைபெட்டியில் வைத்தாள்.

சமையல்காரி மெலானியா ஓடி வந்தாள். "ஏன்டி, என் ப்ளம்ஸ் கொழுக்கட்டைக்கு நடுவுல என்னடி வச்சிருக்க? கண்ணைச் சிமிட்டுது!"

"நாளைக்குக் காலையில எடுத்துர்றேன். தொடாத."

"வெடிக்குமா?"

"வெடிச்சா உனக்குக் கொழுக்கட்டை வேகவைக்கிற வேலை மிச்சம்."

காலையில் முதல் இரண்டும் செத்துக் கிடந்தன. எண்ணெய்ச் சட்டி மட்டும் பச்சை விளக்கோடு உயிரோடிருந்தது. எர்வின் அதைத் துணியால் துடைத்து அவள் பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் வனக்காவலன் மத்தூஷ் அவளை ஜீப்பில் காட்டுப் பாதையின் தடுப்புக் கட்டை வரை கொண்டுபோய் விட்டான்.

"அத்தை, அந்த வளைவு வரைக்குமாவது நான் தூக்கிட்டு வரேனே."

"உன் பூட்ஸ் சத்தம் ஆஸ்திரியா வரைக்கும் கேக்கும். நீ இங்கயே நில்லு."

"கை வலிச்சா ஃபோன் பண்ணுங்க."

"ஃபோன் பண்ணினா சேவல் எடுத்துப் பேசும். போடா."

பை அஞ்சு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இடது தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஏறினாள். முன்பு ஒன்றே கால் மணி நேரம்தான் ஆகும். சேவல்கள் கூடும் வெளிக்குப் பக்கத்தில், மத்தூஷ் மார்ச்சிலேயே அடித்து வைத்த பச்சைத் துணி மறைப்பு. பதினைந்து எட்டு தள்ளி மைக்குகளை ஒரு தளிர் மரத்தடியில் வைத்து, கம்பியை இழுத்து வந்து உள்ளே புகுந்தாள். உள்ளே போனால் மறுநாள் காலை பறவைகள் போகும் வரை வெளியே வரக் கூடாது. பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியையும் வெங்காயத்தையும் இருட்டுவதற்கு முன்பே சத்தமில்லாமல் தின்றாள். கம்பளம் உதறுவது போலச் சிறகடித்துச் சேவல் ஒன்று மரத்தில் வந்து அடைந்தது.

நாலரை மணிக்குத் தட்டத் தொடங்கியது. குமிழைத் தடவி ஒரு மதிப்பில் நிறுத்தி வைத்தாள். எர்வினின் பெட்டியில் குமிழ் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கைக்கே தெரியும். இது புது ஆள். தட்டு, தட்டு, டொப், கரகரப்பு. அந்த மூன்று விநாடியில் வலது கையைத் தூக்கப்பையிலிருந்து வெளியே எடுத்தாள். அடுத்த பாட்டின் மூன்று விநாடியில் முழங்கையை மடியில் வைத்தாள். அதற்கடுத்ததில் தோளை ஒரு விரற்கடை தளர்த்தினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அசைவு. அப்படித்தான் பழக்கம்.

நாலாவது பாட்டில் காலை நீட்டியபோது ஹெட்போனில் அந்த உரசல் கேட்டது. சேமிப்பில் எல்லாவற்றிலும் இருக்கிற அதே ஊசியிலை உரசல். ஓட்டீலியா துணியின் ஓட்டை வழியாகப் பார்த்தாள். காற்று இல்லை. தொங்குகிற பாசி கூட அசையவில்லை. ஐந்தாவது பாட்டில் அவள் அசையவில்லை. உரசலும் இல்லை.

ஆறாவதில் வேண்டுமென்றே சட்டைக் கையை மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். ஊசியிலை.

வேட்டைக்காரனுக்கு அந்த மூன்று விநாடி நடப்பதற்கான நேரம். அவன் பாட்டைப் பதிவு செய்யப் போகவில்லை. அவனிடம் கற்றவர்கள் எல்லோரும், அவளுக்கு முன் இடுப்பை உடைத்துக்கொண்டவர் உட்பட, எது வேண்டுமென்று மலையேறினார்களோ அது வருகிற நேரமாகப் பார்த்து அசைந்திருக்கிறார்கள். மற்ற நேரத்தில் அசைந்தால் சேவல் பறந்துவிடும். அப்படியானால் அசையவே கூடாது.

அவள் அசையவில்லை. வலது கை மடியில் கோணலாகக் கிடந்தது. வைத்த இடம் தவறு. முழங்கை தொங்கி, தோளை இழுத்துக்கொண்டிருந்தது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் புண்ணாகும். புருஷனுக்கு அதை இரண்டு வருஷம் தவறாமல் செய்தவள். இங்கே திருப்ப ஆள் இல்லை. பத்து நிமிஷத்தில் தோள் எரிந்தது. இருபதில் விரல்கள் தன்னுடையவை இல்லை என்று ஆயின. மூக்கு ஒழுகியது, ஒழுகட்டும் என்று விட்டாள். சேவலுக்கு அவசரமே இல்லை. பெட்டைகள் வந்தன. அது கழுத்தை நிமிர்த்தி, வாலை விரித்து, சுற்றிச் சுற்றிப் பாடியது. அவள் பாட்டுகளை எண்ணவில்லை, அழகு பார்க்கவும் இல்லை. 'போய்த் தொலையேன்' என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழரை மணிக்குப் போய்த் தொலைந்தது.

தூக்கப்பையின் ஜிப்பைப் பல்லால் கடித்து இறக்கினாள். எழுந்து நிற்கவே கால் மணி நேரம் ஆயிற்று. கட்டையருகே மத்தூஷ் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான்.

"கெடச்சுதா அத்தை?"

"கெடச்சுது. அந்தக் கை இன்னும் என்கிட்டதான் இருக்கான்னு பாத்துச் சொல்லு."

ஸ்வோலென் வரை ஜீப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

திங்கட்கிழமை எர்வின் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு முறை கேட்டார். பின்னுக்கு ஓட்டி இன்னொரு முறை கேட்டார்.

"எங்க உன் ஊசியிலை?"

"ஊசியிலை இல்ல. என் கை."

"என்ன கை?"

சொன்னாள். அவர் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப நாப்பது வருஷமா நாம எழுதி வச்சிருக்கிற காத்தெல்லாம்?"

"கைதான். சிலது கால்."

எர்வின் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார்.

"இதோட போயிருந்தாலும் இதே பாட்டு கெடச்சிருக்கும், இல்லையா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வயசான மனுஷன். ஓட்டீலியா யோசித்துப் பார்த்தாள்.

"இதோட போயிருக்கவே முடியாது, எர்வின்."

அவர் தலையை ஆட்டினார். சேமிப்பு அட்டையை எடுத்து, பறவையின் பெயர், இடம், தேதி எழுதினார். காற்று என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். கருவி என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, சின்னப் பெட்டியைத் திருப்பி அதன் அடியில் இருந்த எண்ணைப் பார்த்து, ஒவ்வோர் இலக்கமாக எழுதினார்.

"உஸ்ஸுன்னு கொஞ்சம் இருக்கு," என்றாள். "மைக்கோடது. கூர்ந்து கேட்டா தெரியும்."

"எவன் கூர்ந்து கேக்கப் போறான்?" என்றார் எர்வின்.

அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். அவர் கோட்டை விரித்துப் பிடித்து, இடது பக்கத்தை முதலில் நீட்டினார்.

"மொதல்ல வலிக்கிற கை," என்றாள். "அப்புறந்தான் நல்ல கை."

எர்வின் கோட்டைத் திருப்பிப் பிடித்தார்.